இரு படைக்கொட்டில்கள்
தொலைக்காட்சிப் பாரதத்தை அதியர் நிலத்திலிருந்து மீள நோக்கல்

தருமபுரிக்குத் தெற்கே சேலம் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியர் குடியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊராகும். போரைக் காட்டும் கலைகளை ஆராய்வார்க்கு இவ்வூர்ப் பெயர் புறநானூற்றின் 95ஆம் பாட்டை நினைவூட்டும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலைக் கண்டு பாடியது அது. தொண்டைமான் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் விளங்கின. அதியமான் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்தமையால், செப்பம் செய்தற்பொருட்டுக் கொல்லனது சிறு கொட்டிலிற் கிடந்தன. புகழ்வது போல இகழ்ந்தும், இகழ்வது போலப் புகழ்ந்தும் அமைந்த இப்பாட்டு வாண்மங்கலம் என்னும் துறையின்பாற் படும்.

காட்சிக்கு வைத்த படை ஒன்று; பயன்பட்டுத் தேய்ந்த படை மற்றொன்று. போரை நடித்துக் காட்டும் எக்கலையையும் அளத்தற்கு இவ்வேறுபாடு தக்கதோர் அளவுகோலாகும். அதனைக் கொண்டு, 1988ஆம் ஆண்டு தொடங்கி ஒளிபரப்பப்பெற்ற ‘மகாபாரத்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை மீள நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொடரும் அதன் மறுவரவும்

பி. ஆர். சோப்ரா உருவாக்கிய அத்தொடர் 1988 அக்டோபர் 2 முதல் 1990 சூன் 24 வரை, ஞாயிற்றுக்கிழமை காலைதோறும், 94 பகுதிகளாகத் தூர்தர்சனில் வெளிவந்தது. உரையாடல்களை இந்தி, உருது எழுத்தாளராகிய இராகி மாசூம் ரசா எழுதினார். வீமனாக நடித்த பிரவீண் குமார், 1966, 1970 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டெறிதலிற் பொற்பதக்கம் பெற்ற மெய்யான வீரர். மொழி இந்தியாயினும் தமிழகத்து இல்லங்களில் கதை விளங்காமற் போகவில்லை. வில்லிபுத்தூராரும் கூத்தரும் அக்கதையை முன்னரே தமிழர் நெஞ்சிற் பதித்திருந்தனர். 2020 மார்ச்சுத் திங்களில், கொரோனாத் தொற்றால் நாடு அடங்கியிருந்த நாளில், தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. முதன்முறை சிறுவராய்க் கண்டோர் தம் மக்களோடு இருந்து காணும் நிலை இதனால் வாய்த்தது.

முப்பது ஆண்டு இடைவெளிக்குப்பின் காணுங்கால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, போர்க்காட்சிகள் மூப்பெய்திவிட்டன. வானில் எதிரெதிர் வரும் அம்புகள் ஒளி சிதறி மோதுதலும், ஓர் அம்பு பலவாகப் பிரிதலும் அன்று வியப்பூட்டின. இன்றோ அவை கருவியின் செயலாகவே தோன்றுகின்றன. இரண்டாவது, சொற்போர்க் காட்சிகள் சிறிதும் மூப்பெய்தவில்லை. தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்கத் தருமனுக்கு உரிமை உண்டோ என அவையிற் பாஞ்சாலி வினவுவதும், வீடுமன் விடையின்றித் தலைகவிழ்வதும் இன்றும் காண்போரை நிலைகுலையச் செய்கின்றன. ஔவையார் கூறிய இரு கொட்டில்களும் இவ்வொரு தொடரிலேயே உள்ளன என்பது போதரும். அம்புகள் தொண்டைமான் படை. வினாக்கள் அதியமான் படை.

கூத்தின் வழி

அக்காலத்துப் படக்கருவிகளின் குறையே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்றுப் பொருந்தாமையைத் தகடூர் நாட்டுப் பாரதக்கூத்தே காட்டும். தருமபுரி முதலிய வடதமிழ் மாவட்டங்களில் திரௌபதியம்மன் விழாவின்போது, பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்தும் பல நாள் தொடர்ந்து நிகழ்வது வழக்கு. வில்வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கிருட்டிணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என நிரல்பட வருதலின், இதுவும் ஒரு தொடரே. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாகத் தீட்டப்பெற்றிருத்தலும் ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வூரார் கதையை நிரலாகக் காணும் பழக்கம் தொலைக்காட்சிக்கு மிக முற்பட்டது.

கூத்தில் அம்பு பறப்பதில்லை. வில்லும் கதையும் வண்ணம் தீட்டிய மரமே. அவை மெய்யான படை என்று யாரும் நடிப்பதுமில்லை. போரின் கடுமை ஆட்டத்தின் சுழற்சியிலும், தாளத்தின் விரைவிலும், எதிர்நிற்போர் வழக்காடும் பாட்டிலும் அமைகின்றது. கர்ண மோட்சத்தில் உள்ளத்தை உருக்குவது கர்ணன் மார்பிற் பாயும் அம்பன்று. களம் புகுமுன் அவன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடமே அதன் உயிர்நிலை. வியாசர் பாரதத்திற் காணப்பெறாத அப்பெண்ணைப் படைத்துக்கொண்ட தமிழ் மரபு, பிறப்பால் இகழப்பட்டவனது போர் இல்லத்திலேயே தொடங்கிவிட்டது என்று காட்டுகின்றது.

கதை சொல்வோனிடத்தும் வேறுபாடு உண்டு. தொடரிற் காலமே உருவமின்றிப் பேசி, நிகழ்ச்சிகளை உயர நின்று தீர்ப்பிடுகின்றது. கூத்திலோ கட்டியங்காரன் அரசனை வரவேற்கின்றான். அவனை எள்ளி நகைக்கின்றான். ஊராரில் ஒருவனாக நின்று வினவுகின்றான். முன்னது கேட்போரை அடக்குவது. பின்னது அவர்களையும் பேச்சில் ஈர்ப்பது.

இறுதிநாட் படுகளம் இதற்கு முடிந்த சான்றாகும். ஊர்வெளியில் மண்ணாற் செய்த மாபெரும் துரியோதனன் உருவம் கிடத்தப்பெறும். அவ்வுருவின்மீதே வீமனும் துரியோதனனும் பொருவர்; தொடை பிளக்கப்பெறும்; பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். தொடையில் அடித்தல் கதைப்போர் முறைக்கு மாறானது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் வெற்றியும் முறைகேடும் ஒருங்கே நிற்கும் அவ்விடத்தை ஊர் ஆண்டுதோறும் தன் மண்ணிற் செய்து, தன் கண்முன் அழிக்கின்றது. தொலைக்காட்சியில் அந்நிகழ்ச்சி ஒருமுறை பதிவானது. களத்தில் அது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பெறுகின்றது. கொல்லன் கொட்டிலுக்கு மீண்டும் மீண்டும் செல்லும் படைக்கலம் போன்றது கூத்து. பயன்பாட்டில் தேய்ந்து, பயன்பாட்டிற்காகவே செப்பமுறுவது.

எஞ்சுவது எது?

எனினும் தொடருக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. பதிவு செய்யப்பட்டமையால் அது முப்பது ஆண்டு கழித்தும் மாற்றமின்றி மீண்டு வந்தது. இம்மண்ணின் சொந்தப் போர்க்கதைக்கு அப்பேறு கிட்டவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்ற செய்தியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் அறிகின்றோம். அப்போரையே பொருளாகக் கொண்ட ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டிலும் நச்சினார்க்கினியர் முதலியோர் உரைகளிலும் எடுத்தாளப்பெற்ற சில செய்யுட்களே நமக்கு எஞ்சின. உரையாசிரியர்கள் தம் தேவைக்கு எடுத்துக் காட்டியிராவிடின் அவையும் மறைந்திருக்கும்.

இவ்விழப்பிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. கூத்தின் அச்சுப் பனுவல்கள் சில உள. கர்ண மோட்சம் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்றுள்ளது. ஆனால் கட்டியங்காரன் அவ்விரவில், அவ்வூரில், அவ்வவையோரை நோக்கிக் கூறும் சொற்கள் எவ்வச்சிலும் இல்லை. கூத்தின் உயிர் பெரிதும் அச்சொற்களில் இருத்தலின், ஓர் ஆசிரியர் மறையுங்கால் அவர் பாடமும் உடன்மறைகின்றது. தொலைக்காட்சிப் பாரதத்தை வேண்டும்பொழுது மீளக் காணலாம். தகடூர் நாட்டுக் கூத்தரின் பாரதத்தை அவ்வாறு காண்டற்கு இயலாது.

எனவே, தமிழ்த் துறைகளின் முதுகலை மாணவர் களத்திற் சென்று, ஒரு விழாவின் கூத்து இரவுகளை முதல் முதல் இறுதி வரை பதிவு செய்து, வில்லியின் பாடத்தோடு ஒப்பிட்டு வெளியிடுதல் வேண்டும். ஒரு நாடகத்தை மட்டும் தனித்தெடுத்தல் போதாது. தொடரைத் தொடராகவே காத்தல் இன்றியமையாதது. உரையாசிரியர்கள் தகடூர் யாத்திரைக்குச் செய்த உதவியை நாம் கூத்துக்குச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம். அவர்களினும் நிறைவாகச் செய்தற்கு உரிய கருவிகளும் நம்மிடம் உள்ளன.