மானூரார் விதித்த ஐந்து காசு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள அம்பலநாதர் கோயிலில், மாறஞ்சடையன் என்னும் பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறத்தாழக் கி.பி. 800. சபை நடைமுறை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது உத்திரமேரூர்தான். குடவோலை முறை பாடநூல்வழி எல்லோரையும் அடைந்துவிட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்த மானூர், கல்வெட்டாய்வாளரின் மேசையிலேயே தங்கிவிட்டது. இத்தனைக்கும் அவ்வூர் நமக்கு அயலூர் அன்று. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரியும்வரை சிவகாசியும் சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்துப் பகுதிகளே.

கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவை ஒழுங்குபடுத்துவது எங்ஙனம் என்று நாம் பணிபுரியும் கல்லூரியில் சில காலமாகப் பேச்சு நடந்துவருகிறது. கூட்டம் நடத்தும் அரங்கில் அரைமணி நேரம் வாய் திறவாத மாணவர்கள், இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் ஒருவரையொருவர் கிழித்தெறிவதைக் கண்டு வந்த பேச்சு அது. அப்போதுதான் மானூர்க் கல்வெட்டை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

முரசறைந்து கூடிய மானூர்ச் சபை, தன் உறுப்பினர்க்குத் தானே விதி வகுத்துக்கொள்கிறது. சபையில் பங்குபெறும் உரிமையைக் கல்வெட்டு 'சிராவணை' என்கிறது. கேட்டல் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது இது. பேசும் உரிமைக்குக் கேட்டலின் பெயரை இட்டிருக்கிறார்கள்! நம் குழுக்களில் உறுப்பினராகும் எவரும் முதலில் நினைப்பது, தாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதைத்தான்.

அடுத்து வருவதே நம் பொருளுக்கு நெருக்கமானது. சபை செயற்படும்போது, எடுத்ததற்கெல்லாம் 'அன்று' என்று சொல்லிக் குத்துக்கால் இடுதல் கூடாது என்கிறது விதி. மறுத்துப் பேசுவது குற்றமாகச் சொல்லப்படவில்லை. நடப்பதை நடக்கவிடாமல் மறித்து நிற்பதே குற்றம். குத்துக்கால் என்ற சொல்லே அதைக் காட்டுகிறது. அவ்வாறு செய்தவர்க்குத் தண்டம் 5 காசு, ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக. அவருக்கு உறவாய் உடன்நின்றவர்க்கும் அதே தண்டம். தண்டம் செலுத்திய பின்னும் அவர் அதே ஒழுங்குக்கு உட்பட்டு நடக்கவேண்டும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. தண்டம் செயலுக்கு விதிக்கப்படுகிறது. ஆளைத் துரத்துவது நோக்கமன்று. தவறிழைத்தவன் சபையின் விதிக்குள்ளேயே நிற்கிறான். நம் குழுக்களிலோ முதல் தண்டனையே நீக்கம். நீக்கப்பட்டவன் மறுநாள் வேறொரு குழு தொடங்கி, அங்கே இதைவிடக் கடுமையாகப் பேசுகிறான். மற்றொன்று, உடன்நின்றவர் பொறுப்பு. ஒருத்தியின் கவிதையை ஒருவன் இழிவாகப் பேசுகிறான். பதினைந்து பேர் சிரிப்புமுகம் இடுகிறார்கள். புண்படுத்துவது அந்த ஒருவன் மட்டும்தானா? மானூரார் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஆயினும் மானூரைப் போற்றிப் பாடிவிட்டுப் போக முடியாது. அது பிரமதேயத்துச் சபை. வேதக் கல்வியும் நிலப்பங்கும் உடையவர்க்கே அங்கு இடம். பங்கு ஒன்றுக்கு ஒருவர். உழுதவரும் நெய்தவரும் அந்த முரசொலியைத் தொலைவிலிருந்து கேட்டிருப்பார்கள், அவ்வளவே. வாயிலை அடைத்துவிட்டு உள்ளே மரியாதையாகப் பேசிக்கொள்வது எளிது. பிற்காலத்தில் விருதுநகரிலும் சிவகாசியிலும் மகமை திரட்டிப் பொதுக்காரியம் நடத்திய உறவின்முறைகளும் ஒரு சமூகத்தாரின் அவைகளே. ஆனால் கல்லூரி மன்றத்தில் அச்சக உரிமையாளரின் மகனும், தீப்பெட்டி ஒட்டிய தாயின் மகளும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். மானூரார்க்கு இல்லாத சிக்கல் இது.

இதற்கு மணிமேகலையின் விழாவறை காதையைப் பார்க்கலாம். புகாரில் இந்திர விழாவை அறிவிப்பவன் யானைப் பிடரியில் முரசேற்றிச் சொல்லும் செய்திகளில், பட்டிமண்டபம் ஏறும் சமயவாதிகளுக்கு உரியதும் ஒன்று உண்டு. முறையறிந்து ஏறுங்கள் என்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுங்கள் என்றும் நகரத்தார்க்குக் கூறுகிறான். பல சமயத்தார் வந்து கூடிய நகரம் அது. எல்லோரும் நண்பராகிவிடுங்கள் என்று சாத்தனாரின் முரசறைவோன் கேட்கவில்லை. விலகத் தெரிந்தால் போதும் என்கிறான். மேலும், இது விழா தொடங்குமுன் அறையப்படுகிறது. பூசல் மூண்டபின் விதி செய்தால் அது எவரோ ஒருவரைக் குறிவைத்த விதியாகிவிடும்.

இன்றைய முரசு பொறுப்பாளரின் கையில். 2018 முதல் குழுவில் பொறுப்பாளர் மட்டுமே எழுதும்படி பூட்டிவிடலாம். 2022 முதல் பிறர் பதிவை அவர் அழிக்கவும் இயலும். பூட்டுவது பலருக்கு உவப்பாக இருக்கிறது. அப்படிப் பூட்டிய மன்றத்தை அறிவிப்புப் பலகை என்று அழைப்பதே நேர்மை. வழக்கு வருமே என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021 மார்ச்சிலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு டிசம்பரிலும், வேறு பங்கு இல்லாதபோது பொறுப்பாளர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க இயலாது என்றே கூறின. ஆகவே அச்சத்தைவிட அக்கறையே இங்கு வேண்டுவது.

அக்கறை ஏன் என்பதை இப்பகுதியில் விளக்கவேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் மாண்டவருள், உதவவும் பார்க்கவும் வந்து கூடியவர்களும் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் விபத்து நேர்ந்தபோது, கூட்டம் கைப்பேசிக்குள்ளும் கூடத் தொடங்கியிருந்தது. கரிந்த உடலின் படம் குழுவிலிருந்து குழுவுக்குப் பாய்கிறது. அனுப்புபவன் கொடியவன் அல்லன். பதறியவன், அல்லது முதலில் சொல்ல விரும்பியவன். குழுவில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பேரில் எவர் வீட்டிலிருந்து அன்று காலை யார் எந்த ஆலைக்குப் போனார் என்பது அவனுக்குத் தெரியாது.

நம் மன்றத்து மாணவர்கள் தாமே கூடி எழுதிய விதிகளில் முதலாவது இதைப் பற்றியது. விபத்தென்றால் ஊர்ப்பெயர், நேரம், காயமுற்றோரைக் கொண்டுசென்ற மருத்துவமனை, குருதி தேவையெனில் அதன் வகை ஆகியவற்றை மட்டும் எழுதலாம். படம் கூடாது, வீட்டார்க்குத் தெரியுமுன் பெயரும் கூடாது. மீறினால் பதிவு அழிக்கப்படும். இட்டவர் குழுவில்தான் இருப்பார். ஒரு வாரம் எழுதமாட்டார், படிப்பார். சிரிப்புமுகம் இட்டவர்க்கும் தண்டம் உண்டா என்ற வினா மட்டும் இன்னும் வாதத்தில் இருக்கிறது.