கைப்பிரேக்கும் சோழவரமும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்க தெருவில் ஒரு இளநீர் வண்டி குடை சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை, இருபது முப்பது காய் உருண்டதோடு சரி. சாய்த்தது ஒரு பழைய மாருதி ஜென். ஓட்டியவன் எதிர்வீட்டுப் பையன். இந்தப் பதிவு அந்த ஜென்னின் கைப்பிரேக் லீவரைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் அமெரிக்கா, கொஞ்சம் சோழவரம் எல்லாம் வரும், பொறுத்துக்கோங்க.

விவேக் நகரைத் தெரியாதவர்களுக்கு: வியாழக்கிழமை ஆனால் குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் ஆட்டோகூட நகராத பேட்டை. தமிழ் காதில் விழாமல் நூறு அடி நடக்க முடியாது. டிரான்ஸ்பரில் வந்தபோது எனக்கு அதுதான் ஆறுதல். அப்படிப்பட்ட சந்தில்தான் பையன் 'பர்ன்அவுட்' பண்ணிப் பார்த்திருக்கிறான்.

பர்ன்அவுட் என்றால்? டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்தி, இன்ஜின் சுற்றும் சக்கரத்தை மட்டும் வழுக்கவிட்டுச் சூடேற்றுவார்கள். ஜென்னில் இன்ஜின் சுற்றுவது முன் சக்கரத்தை, கைப்பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. ஆக கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன் டயர் புகையும், வண்டி நகராது. நகரக் கூடாது!

நம்ம ஆள் என்ன பண்ணியிருக்கிறான்? லீவர் மேல் ஒரு அடி பைப்பை வெல்டு வைத்து நீளமாக்கியிருக்கிறான். லீவர் பூட்டிக்கொள்ளாமல் சட்டென்று விடுபடணும் என்று உள்ளே இருக்கும் பல் சக்கரத்தையும் ராவி எடுத்துவிட்டான். இழுத்தான், மிதித்தான். பின்னால் வலது சக்கரம் நின்றது, இடது சக்கரம் உருண்டது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி இளநீரைப் பார்த்துப் போய்விட்டது.

"என்னா அங்கிள், லீவர் டபுள் லென்த் பண்ணேன், டபுள் ஃபோர்ஸ் வரணுமில்ல?" என்றான் பரிதாபமாக. நான் பி.காம். லெவரேஜ் என்றால் எனக்குக் கடனும் முதலும்தான் தெரியும். ஆனாலும் கணக்கு அதே கணக்குதான். பலம் இரண்டு மடங்கானால் கை நகர வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு. கேபிளில் தொய்வு இருந்தால் லீவரின் தூரம் முழுக்க அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும்.

சரி, பிரேக் ஏன் கைக்கு வந்தது? இதில் ஒரு சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்துப் போட்டு ரோட்டில் பந்தயம் விட்டார்கள். விபத்து, போலீஸ், பத்திரிகையில் திட்டு. 1950-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் விமான நிலையத்தின் ஒரு ஓடுதளத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். ரோட்டில் ஓட்டும் பையன்களை ஓடுதளத்துக்குக் கூட்டி வருவதுதான் நோக்கம். 1953-ல் பொமோனாவில் அந்தச் சங்கம் நடத்திய முதல் பந்தயத்துக்கு உள்ளூர் போலீசே துணை நின்றது. விரட்டினால் இன்னொரு ரோட்டுக்குத்தான் போவான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

வண்டிகளின் உருவமும் மாறியது. பின் டயரில் பாரம் விழவேண்டும் என்று ஓட்டுநரைப் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார வைத்தார்கள். 1954-ல் மிக்கி தாம்ப்சன் செய்த வண்டி இதில் பேர்போனது. உண்டிவில்லில் கல் வைத்த மாதிரி இருந்ததால் 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர். கால் இரண்டும் அச்சுக்கு மேலே நீட்டிக் கிடக்கும். ஒரு காலுக்கு கிளட்ச், இன்னொன்றுக்கு ஆக்ஸிலேட்டர். முன் சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி, அதற்கு பிரேக்கே கிடையாது. பின் சக்கர பிரேக்குக்கு மிச்சம் இருந்தது கை ஒன்றுதான். இப்படித்தான் பிரேக் லீவர் கைக்கு வந்தது. இன்றைக்கும் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டும் டாப் ஃபியூயல் வண்டிகளில் ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை பிரேக் லீவருக்கு. அது போதாதென்று இரண்டு பாராசூட் வேறு.

அதுவும் போதாத நாள் வந்தது. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநரின் இன்ஜின் வெடித்தது, வண்டி நிற்காமல் தளத்தின் முடிவையும் தாண்டிப் போனது. அவர் இறந்துபோனார். அடுத்த மாதமே என்.எச்.ஆர்.ஏ. அதிவேக வண்டிகளுக்கு ஓடும் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டது. தளம் அதே நீளம்தான், நிற்க 320 அடி கூடுதலாகக் கிடைத்தது. வங்கியில் இருப்பவனுக்கு இது நன்றாகவே புரியும். கடன் கொடுக்கிற அன்றைக்கு எல்லோரும் கெட்டிக்காரர்கள், வசூலில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது கொசுவத்தி சுற்றுகிறேன். எனக்குச் சொந்த ஊர் காரனோடை பக்கம். பக்கத்து ஊரான சோழவரத்தில் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் போட்ட விமானத் தளம் ஒன்று இருந்தது. சண்டை முடிந்ததும் விமானத்துக்கு வேலை இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயம் நடத்தியது. சாண்டா ஆனாவில் நடந்த அதே கதைதான், என்ன, இங்கே கால் மைலில் முடியாமல் வளைந்து வளைந்து சுற்றுவார்கள். 1980-களின் கடைசி வரை நடந்தது. சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வண்டிகளின் பெயர் ஒன்றும் ஞாபகம் இல்லை. சத்தமும் புழுதியும் வெயிலும்தான் இருக்கிறது. அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: "இங்க எவ்ளோ வேகம் வேணா போகலாம்டா, எதிர்ல லாரி வராது."

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் வந்தது, பந்தயம் அங்கே போய்விட்டது. கோவையில் மாருதி 800 இன்ஜினை வைத்தே குறைந்த செலவில் பந்தயக் கார் செய்து, நடுத்தர வீட்டுப் பையன்களும் ஓட்டலாம் என்று காட்டிய கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு தளமுமே இந்தச் சந்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பையனுக்கோ ஓசூர் ரோடு பத்து நிமிஷம்.

"நைட்டு ரெண்டு மணிக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க அங்கிள்."

பேப்பரை எடுத்தேன். 120 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 33 மீட்டர். எதிரில் ஒன்றைப் பார்த்து, பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றாலும் அதற்கப்புறம் நிற்க 80 மீட்டர். மொத்தம் 110-க்கு மேல். ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வெளியே ஒருவர் சாலையைக் கடந்தால் உனக்குத் தெரியும்போதே முடிந்திருக்கும் என்றேன். இளநீர்க்காரர் அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அல்ல. பையன் அதை யோசித்தான் என்று நினைக்கிறேன். பேசவில்லை.

அடுத்த நாள் நீலசந்திராவில் இருக்கும் பட்டறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். பாய் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்ன வரிசையை எழுதி வைத்துக்கொண்டேன், யாருக்காவது உதவும்:

முதலில் லீவரை முழுசாகக் கீழே விடு. பின் டிரம்மைக் கழற்றி ஷூ தேய்மானம் பார், எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பார் (இடது பக்கம் கசிந்திருந்தது!). ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வை, ஆனால் உரசக்கூடாது. அதற்குப் பிறகுதான் கேபிளைத் தொடணும். ஷூ தேய்மானத்தை மறைக்க கேபிளை முறுக்கினால் ஓடும்போதே பிரேக் உரசிச் சூடாகும். கடைசியாக, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறுகுகிறதா என்று கையால் சுற்றிப் பார்.

பைப்பை அறுத்துப் போட்டார். பல் சக்கரத்தோடு பழைய லீவரே திரும்ப வந்தது. "பூட்டாத லீவர் ரேஸ் வண்டிக்கு. அதுலயும் நிறுத்தி வைக்க தனியா ஒண்ணு இருக்கணும். மேட்டுல நிறுத்திட்டு பிரியாணி துன்னப் போனா வண்டி உனுக்கு முன்னாடி போயிடும்" என்றார்.

உருண்ட காய்க்கும் உடைந்த சக்கரத்துக்கும் பையனே பணம் கொடுத்தான், இரண்டு தவணையில். ஜாமீன் நான்தான்.

அடுத்த மாதம் அவனை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன், பந்தயம் பார்க்க மட்டும். வரும் வழியில் காரனோடைக்கும் போகணும். அப்பா இப்போது இல்லை. லாரி வராத ரோடு என்று அவர் சொன்னதை அங்கே நின்று ஒரு தடவை அவனிடம் சொல்லிவிட்டு வரணும்.