கொழுக்கிப் புழுவும் தோட்டக் கூலியும்

மன்னர்களின் முடிசூட்டு விழாக்களையும் படையெடுப்புகளையும் மட்டுமே வரலாறென்று கற்றுவந்த எமக்கு, அரை அங்குல அளவேயான ஒரு புழுவின் வரலாறு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இலங்கை மலையகத்தின் கதையை நேர்மையுடன் எழுதப் புகுவோர் அப்புழுவை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில், தேயிலைத் தொழிலாளியின் மீது சுமத்தப்பட்ட மிகப் பழைய அவதூறு ஒன்றின் மறுமொழி அதனிடமே உண்டு. 'கூலி சோம்பேறி' என்பதே அந்த அவதூறு.

வட்டப்புழு இனத்தைச் சேர்ந்த கொழுக்கிப் புழு மனிதனின் சிறுகுடலைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சுகிறது. பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். மலத்தோடு வெளியேறும் அவை ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரித்துக் குடம்பிகளாகின்றன. வெறுங்காலுடன் நடப்பவனின் தோலைத் துளைத்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிற் குடியேறுகின்றன. ஒரு புழு கவரும் குருதி சிறு துளியே. ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால் எஞ்சுவது என்ன? வெளிறிய முகம், மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, நான்கடி ஏறினாற் தள்ளாடும் கால்கள். இக்குருதிச்சோகைக்கே 'சோம்பல்' என்று பெயர் சூட்டப்பட்டது.

இவ்வுண்மை ஒரேநாளில் வெளிப்பட்டதன்று. 1838இல் மிலான் நகரில், இறந்துபோன ஓர் உழவர் குலப் பெண்ணின் குடலில் டுபினி என்ற மருத்துவர் இப்புழுவைக் கண்டார். 1880இல், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்ட் சுரங்கப்பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வெளிறி விழுந்தபோது, காரணம் இதுவேயென அறியப்பட்டது. வெப்பமும் ஈரமும் நிறைந்த அச்சுரங்கத்தில் மலசலகூட வசதி இருக்கவில்லை. 1898இல் கைரோவில் லூஸ் என்னும் அறிஞரின் கையில் குடம்பிகள் கலந்த நீர் தவறுதலாகச் சிந்தியது. சிந்திய இடத்திற் தினவெடுத்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தோன்றின. தோல்வழித் தொற்று இவ்வாறு புலனாயிற்று. அதே லூஸ் 1911இல், இலங்கைப் புனுகுப்பூனையின் குடலிற் கிடைத்த மற்றொரு கொழுக்கிப் புழுவுக்கு இத்தீவின் பெயரையே சூட்டினார். நாயிலும் பூனையிலும் வாழும் அவ்வினம் மனிதனையும் பற்றும் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

1916இல் அமெரிக்க றொக்பெல்லர் தாபனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. மருந்தாகக் கொடுத்த கீனப்போடிய எண்ணெய் அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்தானது. எனினும் புழுக்கள் வீழ்ந்தன. அம்மருத்துவர்களின் உழைப்பை மறுப்பதற்கில்லை.

ஆனால் மருந்துண்டவன் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் கொழுந்தெடுக்கச் சென்றான். சில மாதங்களிற் புழு திரும்பி வந்தது. லயங்கள் தோறும் மலசலகூடம் அமைத்தாலன்றிப் பயனில்லை என்று மருத்துவர் வற்புறுத்தினர். துரைமாரோ செலவைக் காட்டித் தயங்கினர். நோயை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவன் கூலியே என்பது அவர்களது வாதம். அவ்வாறே கொள்வோம். கொண்டுவந்த முட்டை மண்ணில் விழாதிருந்தால் பொரித்திருக்குமா? விழாதிருக்க வழி செய்ய வேண்டியவர் யார்? பத்தடிச் சதுர அறைகளில் மனிதரை அடைத்து, காட்டையும் ஓடையோரத்தையும் அவர்களுக்குக் கழிப்பிடமாக விட்டவர் அன்றோ நோயைப் பரப்பியவர்!

நோயுற்ற உடலால் இலாபம் குறையும் என்ற கணக்கே மருந்துக்கு வாயிலைத் திறந்தது. மலசலகூடத்தின் செலவு இலாபத்தைக் குறைக்கும் என்ற கணக்கே அதே வாயிலைப் பாதியில் மூடியது. இதுவே அவ்வியக்கம் எமக்குக் கற்பிக்கும் பாடம். 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தோன்றியபோது, நோயை வருமுன் காக்கும் வழி ஓரளவு இடம்பெற்றது. ஆயினும் மலையைப் பொன்விளையும் பூமியாக்கி, அதன் மண்ணுக்குத் தம் குருதியையும் ஈந்த மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது.

இன்று அல்பெண்டசோல், மெபெண்டசோல் என்னும் மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. எனினும் மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறக்குறைய 150 கோடி மக்களைப் பற்றியுள்ளன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏழைகள் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

வகுப்பறையிற் கண் சொருகி உட்காரும் சிறுவனை 'மந்தன்' என்று எழுதிவைக்குமுன், அவன் எத்தகைய வீட்டில் வாழ்கிறான், எந்த மண்ணில் நடக்கிறான் என்று ஆசிரியராகிய நாம் ஒருமுறை கேட்போமாக. துரைமார் கேட்க மறந்த கேள்வி அது. அதை நாமும் மறந்தால், அவர்களுக்கும் எமக்கும் உள்ள வேறுபாடு என்ன?