தனியாவா, கூட்டமாவா? நூறு வருஷச் சண்டை

போன எபிசோடுல 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டின கதையைச் சொன்னேன்ல? "சோலோவா, குரூப்பா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தக் கேள்விக்கு வயசு நூறைத் தாண்டியாச்சு.

டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச ஆன்ரி டெக்ராஞ்ச், இத்தாலியில பிறந்த 'ஆடாக்ஸ்' முறையை 1904-ல் பிரான்ஸுக்குக் கொண்டு வந்தார். இது ரேஸ் கிடையாது. கேப்டன் முன்னாடி போவார், அவர் வேகம்தான் எல்லாருக்கும். யாரும் முந்தக் கூடாது. சோர்ந்து போனவரையும் கூட்டம் கரை சேர்த்துடும், சரி. ஆனா கால்ல தெம்பு இருக்கிறவனுக்கு அது பள்ளிக்கூட வரிசை மாதிரி! 1921-ல் மனஸ்தாபம் முத்தி, பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் அவர்கிட்டேருந்து பிரிஞ்சது. அவரவர் வேகத்துல போகலாம்னு புது விதி போட்டாங்க. இன்னைக்கு நாம ஓட்டுற பிரெவே அந்த வழிதான். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம். தனியா போங்க, சேர்ந்து போங்க, பஞ்சர் மட்டும் உங்க பாடு.

நான் அந்த 1921 கட்சி. காரைக்குடியிலேருந்து திருமயம் ரோட்டுல எப்பவும் தனியாத்தான் பிராக்டிஸ். அந்தப் பக்கம் வாக்கப்பட்ட பெரியம்மா வீட்ல தண்ணி குடிக்க நின்னப்போ, "துணைக்கு ஆள் இல்லையா தம்பி?"ன்னாங்க. நான் பெருமையா இல்லைன்னேன். அப்பதான் அவங்க கதை வெளிய வந்தது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாம, பல பேர் ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறினாங்க. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேல பெண்கள் பேரணியா ஓட்டிட்டுப் போனாங்க. பெரியம்மா பேரணிக்குப் போகலை. தெருவுல ஏழெட்டுப் பேரா சேர்ந்து கத்துக்கிட்டவங்க. ஒருத்தியா ஏறியிருந்தா ஊர் வாயே இறக்கி விட்டிருக்கும்னாங்க. அதுக்கப்புறம்தான் தனி சவாரி: முன்னாடி பார்ல பிள்ளை, பின்னாடி கேரியர்ல குடம்.

வீட்டுக்கு வந்து ஒரு மெசேஜைத் திரும்பத் திறந்தேன். 300-க்குக் கூட வரட்டுமான்னு ஒரு புதுப் பையன் கேட்டு, நான் வேணாம்னு சொல்லியிருந்தேன். அவன் வேகம் 18தான். மொத்த நேரம் 20 மணி. கணக்குப் போட்டா மூணு மணி நேரம் மிஞ்சுது, டீக்குப் போதும். வாடான்னு அனுப்பிட்டேன்.