கண்ணாறும் சுடுமண் குழாயும்

சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு வயலின் இருப்பிடத்தைச் சுட்டும் முறை கவனிக்கத்தக்கது. இன்ன பெயர் கொண்ட வதிக்கு மேற்கு, இன்ன பெயர் கொண்ட வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதிரம் என்று அது அமையும். வாய்க்கால்களுக்கும் வதிகளுக்கும் அரசர், அரசியர், தெய்வங்கள் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து பிரியும் கண்ணாறுகளுக்கு எண்கள் இருந்தன. உத்தரமேரூரிலும் சோழமண்டலத்துப் பிரமதேயங்களிலும் இம்முறையைக் காண்கிறோம். நீர் எந்தத் தலைவாய்க்காலிலிருந்து புறப்பட்டு எத்தனையாவது கிளையில் திரும்புகிறது என்பதே அந்நிலத்தின் முகவரி. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும், இறையிலியாக நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில், ஊர்நத்தம், குளங்கள் ஆகியவற்றோடு ஊரை ஊடறுத்துச் சென்ற வாய்க்கால்களும் இடம் பெறுகின்றன. வேலியை மிக நுண்ணிய பின்னங்களாகப் பகுத்து அளந்தவர்கள், நீரோடும் நிலத்தையும் கணக்கில் வைக்கத் தவறவில்லை.

வயலுக்குச் செல்லும் நீருக்கு இத்தனை எழுத்துச் சான்று இருக்க, வீட்டுக்குள்ளும் வீதிக்கடியிலும் செல்லும் நீருக்கு அப்படி ஏதேனும் உண்டா? பழைய வீடொன்றில் குழாய்களை மாற்றி அமைக்க முற்படும் எவரும் இக்கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும். தஞ்சை நகரமே அதற்கு ஒரு பெரிய உதாரணமாக இருக்கிறது.

காவிரிப் படுகையின் தலைப்பகுதியில், அதன் தென்மேற்கு விளிம்பில் தஞ்சை அமைந்துள்ளது. வடக்கே வடவாறும் வெண்ணாறும் ஓடும் வண்டல் சமவெளி. தென்மேற்கே வல்லத்தை ஒட்டிய செம்மண் மேட்டு நிலம். அம்மேட்டு நிலத்தில் பெய்யும் மழைநீரைத் தேக்கவே சேவப்பநாயக்கன் வாரி எனும் ஏரி பயன்பட்டது. தஞ்சை நாயக்க மரபின் முதல்வரான சேவப்ப நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் ஆண்டவர். ஏரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே தேங்கிய நீர் பெரிய கோயிலுக்கு வடபுறமுள்ள சிவகங்கைக் குளத்தை அடைந்து, அங்கிருந்து நிலத்தடிச் சுடுமண் குழாய்கள் வழியே அரண்மனைக்கும் நகரத்துக் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் சென்றது. நாயக்கர் காலத்தில் உருவாகி, மராத்தியர் காலத்திலும் பேணப்பட்டதாகக் கருதப்படும் இவ்வமைப்பு ஜலசூத்திரம் என வழங்கப்பட்டது.

இதன் தர்க்கம் எளியது. மேட்டிலே ஏரி, நடுவிலே குளம், பள்ளத்திலே நகரம். ஏற்ற இறைப்பு ஏதும் தேவையில்லை. ஏரியில் ஒரு முறையும் குளத்தில் ஒரு முறையும் வண்டல் படிவதால், குழாய்க்குள் நுழையும் நீர் ஓரளவு தெளிந்தே நுழையும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட அமைப்பு என்பதால் தலைப்பில் அடைபட்டால் கடைவரை வறளும். வரத்துவழிகள் தூர்ந்தும் கட்டடங்கள் எழுந்தும் போக, நாளடைவில் அதுவே நிகழ்ந்தது. நகராட்சி 1866இல் ஏற்பட்டது. பின்னர் இரும்புக் குழாய் வழியே வேறு நீர் வீதிக்கு வந்தது. பழைய வழி பயன்பாட்டிலிருந்து நழுவிற்று. தஞ்சை 2016இல் திறன்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. அதன் கீழ் அய்யன்குளம் புதுப்பிக்கப்பட்டபோதுதான் சிவகங்கையிலிருந்து வரும் நிலத்தடி வழி மறுபடியும் தேடப்பட்டது. திறந்த கண்ணாற்றுக்குக் கல்லிலே முகவரி இருந்தது. மூடிய குழாய்க்கோ, அதை அறிந்த மனிதர்களின் நினைவே பெரிதும் ஆதாரம்.

உரோமாபுரியின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில், நகரின் நுழைவில் ஒரு நீர்த்தொட்டி அமைத்து, பொது நீரூற்றுகளுக்கும் குளியலகங்களுக்கும் தனியார் வீடுகளுக்கும் தனித்தனிக் குழாய் பிரிக்கச் சொல்கிறார். மற்ற இரண்டிலும் மிகும் நீர் பொது ஊற்றுகளின் பகுதிக்கே வழிந்து வர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. எது எதிலிருந்து பிரிகிறது என்பதே, தட்டுப்பாட்டில் யார் முதலில் தாகம் தீர்த்துக்கொள்வார் என்பதையும் தீர்மானிக்கிறது. ஈயக் குழாயைவிட மண்குழாய் உடல்நலத்துக்கு உகந்தது, பழுதானால் யாரும் சீர்செய்யலாம் என்றும் அவர் எழுதினார். கி.பி. 97இல் அந்நகரின் நீர்வழிகளுக்குப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ் செய்த காரியம் அதனினும் முக்கியமானது. நீர்வழிகள் செல்லும் தடத்தைப் படங்களாக வரையச் செய்து, பழுது நேரும் இடங்களைக் கண்முன் கொண்டே முடிவெடுக்க வகை செய்தார்.

இனி வீட்டுக்கு வருவோம். தஞ்சைப் பகுதியின் பழைய வீடு தெருவிலிருந்து கொல்லைவரை நீளமாகச் செல்வது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி என்று அது விரியும். நகராட்சி நீர் வாசலில் வரும். செலவோ பெரும்பாலும் பின்கட்டில். துருவேறி உள்வாய் குறுகிய ஜி.ஐ. குழாய்களை அகற்றிவிட்டு சி.பி.வி.சி. போடுவோர், பொருளைத் தேர்வதில் காட்டும் அக்கறையைத் தடத்தைத் தேர்வதில் காட்டுவது அரிது.

முறைகள் இரண்டு. ஒன்று, தலைக்குழாய் ஒன்றை நீளவாக்கில் ஓட்டி ஆங்காங்கே கிளை பிரிப்பது. இது வாய்க்கால், கண்ணாறு முறை. மற்றொன்று, ஓரிடத்தில் பொதுக்கூட்டு அமைத்து ஒவ்வொரு திறப்புக்கும் தனிக்குழாய் கொண்டுபோவது. இது விட்ருவியஸின் தொட்டி முறைக்குச் சற்றே உறவு. இரண்டாவதில் ஒரு குழாயைத் திறந்தால் மற்றொன்றில் வேகம் அதிகம் குறையாது. சுவருக்குள் இணைப்புகள் குறைவு, அடைக்கும் வால்வுகளெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் நீளமான மெல்லிய குழாய்கள் பல வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. 4 மீட்டர் உயரத் தொட்டி அதில் பாதியும் தராது. அதே அளவு நீர் பாதி விட்டமுள்ள குழாயில் சென்றால் உராய்வு இழப்பு சுமார் 30 மடங்காகிறது. ஆகவே தாழ்ந்த தொட்டியும் நீண்ட உடலும் கொண்ட ஓட்டு வீட்டுக்குப் பருத்த தலைக்குழாயும், குறுகிய கிளைகளும், கிளைதோறும் ஒரு வால்வுமே பொருந்தும். மின்விசையால் அழுத்தம் தரப்படும் மாடி வீட்டுக்குத் தனிக்குழாய் முறை ஏற்றது.

எம்முறையாயினும், சுண்ணாம்புக் காரைச் சுவரைக் குடைந்து புதைப்பதைவிட முற்றத்தின் ஓரமாகக் கண்ணுக்குத் தெரியும்படி குழாயைக் கொண்டுசெல்வது மேல். சுவரும் பிழைக்கும், கசிவும் அன்றே தெரியும். புதைத்தே ஆகவேண்டிய இடங்களில், பூச்சு பூசுமுன் வாசலிலிருந்தும் தரையிலிருந்தும் தூரத்தை அளந்து வரைபடம் எழுதி, கிளைகளுக்கு முதல், இரண்டு, மூன்று என எண்ணிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கலாம். வயலுக்கு நம் முன்னோர் செய்ததுதான் அது. இன்னும் 40 ஆண்டுகள் கழித்து ஒருவர் அச்சுவரின் முன் உளியோடு நிற்பார். எந்தக் கல்லைப் பெயர்ப்பது என்று அவருக்குச் சொல்ல அந்த ஒரு தாள் போதும்.