முதல் பைட்டில் 19

2012 மே மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலையில் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. சர்வர் ரூமை நினைத்தாலே ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்து வருகிறது. ஆலை முழுவதற்கும் ஒரே 2 எம்பி லைன். காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும்: "தம்பி, எந்த சைட்டும் தொறக்கல, என்னன்னு பாரு."

நைட் ஷிப்டில் யாரோ டொரன்ட் போடுகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார் மேலாளர்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய ஹப் காலத்தில் ஒருவருக்குப் போகும் பாக்கெட் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் போகும். ஸ்விட்ச் வந்த பிறகு உரியவருக்கு மட்டும்தான். ஆனால் ஸ்விட்சில் ஒரு போர்ட்டுக்கு மற்றதையெல்லாம் நகலெடுத்து அனுப்பச் சொல்லலாம். அதில் என் லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க்கை ஓட விட்டேன். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. 2006இல் பெயர் மாறியது.

பிராம் கோஹன் 2001இல் பிட்டொரன்டை வெளியிட்டபோது அது ஒளிந்து திரிய வேண்டியதாக இல்லை. இரண்டு கணினிகள் சந்தித்ததும் முதலில் 19 என்ற எண்ணைச் சொல்லும், பிறகு பத்தொன்பது எழுத்தில் தன் பெயரை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. கண்காணிப்பவர்களுக்கு அதுவே போதும். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் இந்தப் போக்குவரத்தை அடையாளம் கண்டு, போலியான துண்டிப்புச் செய்தி அனுப்பி இணைப்பை முறித்தது. 2007இல் அதை வெளிக்கொண்டு வந்த ராப் டொபோல்ஸ்கி பகிர்ந்துகொண்டிருந்தது புதுப்படம் அல்ல, பழங்காலக் குழுப்பாடல்கள். அசோசியேட்டட் பிரஸ் பைபிளைப் பகிர்ந்து சோதித்துப் பார்த்தது. பைபிளும் தடைபட்டது.

நம்மூரில் கதை வேறு மாதிரி. 2004இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களையும் சேர்த்துவிட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவரோடு சிடி விற்பவரும் விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே இருக்கலாம். '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்கள் மீது வாங்கிய தடையாணையைக் காட்டி, நான் சொல்லும் அதே மே மாதம், இணைய நிறுவனங்கள் பைரேட் பே மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாவற்றையும் அடைத்தன. படத்தைத் தேடி வந்தவன் எந்தத் தெருவில் போனாலும் தெருவையே மூடிவிடுவது.

நானும் அதையேதான் செய்தேன். மூன்று ஐபி முகவரிகள் கிடைத்தன, ரிப்போர்ட் கொடுத்தேன். இரண்டு நிரந்தர ஊழியர்களுக்கு அறிவுரையோடு போயிற்று. மூன்றாவது, தரப் பரிசோதனை அறையில் நைட் ஷிப்ட் பார்த்த ஒப்பந்தப் பையன். மறுநாள் கேட்டில் அவனை விடவில்லை. "அண்ணே, அது படம் இல்லண்ணே" என்றான். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது: தளம் முழுவதையும் அல்ல, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுங்கள். செய்தியைப் படித்த அன்றுதான் பழைய பதிவைத் திறந்தேன். அந்தப் பெயருக்குப் பின்னால் எட்டு பைட் தள்ளி இருபது பைட் வரும். எந்தக் கோப்பு என்பதன் கைரேகை அது. ரிப்போர்ட் எழுதும்போதே என் கையில் இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை. கூகுளில் போட்டதும் வந்துவிட்டது. உபுண்டு 12.04. ஏப்ரலில் வெளியான, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளச் சொல்லித் தருகிற இயங்குதளம். 700 எம்பி கூட ராத்திரியே இறங்கி முடிந்திருக்கும். அதன் பிறகும் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் காலையில் லைன் அடைத்தது. நிறுத்தச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

ஒப்பந்தக்காரரிடம் பையனின் நம்பர் கேட்டேன்.

"எதுக்கு சார்? அதான் வேற ஆள் போட்டாச்சே" என்றார்.