வாச்சாத்தி வழக்கு

வாச்சாத்தி வழக்கு: தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்கள் நிகழ்த்திய கூட்டு வன்கொடுமை குறித்த குற்றவியல் வழக்கு.

நிகழ்வு: சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் கிராமத்துக்குள் புகுந்து மக்களை ஆலமரத்தடியில் திரட்டினர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழ்படுத்தப்பட்டன, பெண்கள், குழந்தைகள் உட்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

துணைநின்றோர்: தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பாதிக்கப்பட்டோரின் குரலை வெளிக்கொணர்ந்தன, கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. பெண்கள் அடையாள அணிவகுப்பில் குற்றவாளிகளை அடையாளம் காட்டிச் சாட்சியம் அளித்தனர்.

தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த உயர் நீதிமன்றம், 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பும் வழங்க அரசுக்கு உத்தரவிட்டது.

முக்கியத்துவம்: சீருடை அணிந்தோரின் கூட்டுக் குற்றத்தைப் பழங்குடிப் பெண்களின் சாட்சியம் நிரூபித்த முன்னோடி வழக்கு இது. நீண்ட சட்டப் போராட்டத்தில் பாதிக்கப்பட்டோருக்கு அமைப்பு ரீதியான துணை இன்றியமையாதது என்பதற்கும் இதுவே சான்று.